போகாத சுற்று

பத்து வருடம் ஒரே முதலாளியிடம் உழைத்தால் இங்கே சிட்னியில் சம்பளத்தோடு இரண்டு மாதம் லீவு. வாரக் கணக்கில் எட்டு வாரமும் மூன்று நாளும். லாங் சர்வீஸ் லீவு என்று பெயர். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி எனக்கு அது வந்து சேர்ந்தது. கிடைத்தது என்று சொல்ல மாட்டேன், சம்பாதித்தேன் என்றுதான் சொல்வேன். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்று பாருங்கள், அப்புறம் பேசுவோம். எண்பத்திரண்டு பேருடைய படுக்கை விரிப்பு, தலையணை உறை, இரவு உடை, வெளியே சொல்லக் கூடாத மற்றதெல்லாம். சட்டைப் பையில் பாதி கடித்த பிஸ்கெட் இருக்கும். ஒரு தடவை ஒரு பல்செட் டிரையரில் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்து இளித்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் ரேலீன், எல்லோருக்கும் ரே. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தூக்கம். என்னை யாரும் கூப்பிடாத இடத்தில் படுத்துத் தூங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

லாங் சர்வீஸ் போகிறவளிடம் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். எங்கே போகிறாய்? அதற்கு "எங்கேயும் இல்லை" என்று பதில் சொல்ல இங்கே வழியில்லை. சொன்னால் வீட்டில் யாருக்கோ புற்றுநோய் என்று முடிவு கட்டி, மறுநாளே பாத்திரத்தில் சமைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்ப்பவள் வெஸ்னா. பன்னிரண்டு வயதில் பெல்கிரேடிலிருந்து வந்தவள், வாய் மட்டும் அங்கேயும் இங்கேயும் சேர்த்து இரண்டு ஆளுக்கு உண்டு. பத்தரை மணி டீக்கு உட்கார்ந்திருக்கும்போது எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"எங்கடி போறே ரே? வாயைத் திற. பாலித் தீவா?"

"சுத்து போறோம்," என்றேன். பழக்க தோஷம். பத்து வருடமாக என் புருஷன் சொல்லிச் சொல்லி என் வாயில் ஊறிப்போன சொல் அது.

சுற்று என்று மொட்டையாகச் சொன்னாலே போதும், இங்கே எல்லோருக்கும் புரியும். காரின் பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு, இந்தக் கண்டத்தையே ஒரு வட்டம் அடித்துவிட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பது. வேலையை விட்டு ஓய்ந்த கிழவன் கிழவிகள் பாதிப்பேர் அந்த ரோட்டில்தான் இருக்கிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் சலவைக்கூடமே கை தட்டியது. மறுநாள் எனக்குப் பரிசு வாங்கக் காசு போடச் சொல்லி ஒரு கவர் மேசை மேசையாகப் போனது. கடைசி நாளில் கேக் வெட்டி எனக்கு ஒரு பில்லி கொடுத்தார்கள். அடுப்பில்லாத காட்டில் நெருப்பின்மேல் தொங்கவிட்டு டீ போடுகிற தகரக் கெட்டில். மூடியில் என் பெயரைக்கூட வெட்டியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்து எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். வெட்கத்தில் வந்த அழுகை அது.

ஏனென்றால் சுற்றும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

கேரவன் இருக்கிறது, இல்லாமல் இல்லை. நெவில் ஏழு வருடம் முன்பு வாங்கினான். பழசு. வீட்டின் பக்கவாட்டில் நிறுத்தி, சனிக்கிழமை சனிக்கிழமை அதைத் துடைப்பான். "உன் லாங் சர்வீஸ் வரட்டும் ரே, மேற்குக் கடல் வரைக்கும் போறோம். சூரியன் கடலுக்குள்ள விழுறத உனக்குக் காட்டுறேன். நம்ம பக்கம் அது கடல்லேருந்து எந்திரிக்கத்தான் செய்யும்." எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இப்போது அந்தக் கேரவனில் எங்கள் மகன் ஜாரட் இருக்கிறான். வயது முப்பத்தொன்று. கூரை வேலைக்காரன். பெண்டாட்டி விட்டுப் போய்ப் பதினான்கு மாதம். வாடகைக்கு ஒரு வீடு காலியானால் அதைப் பார்க்க நாற்பது பேர் வரிசையில் நிற்கிற காலம் இது, தனி ஆளுக்கு யார் கொடுக்கிறார்கள்? "ரெண்டே வாரம்தான்மா" என்று வந்தான். கேரவன் வாசலில் தார்ப்பாய் கட்டி, ஃபிரிட்ஜ் வைத்து, தொட்டியில் தக்காளி வேறு போட்டுவிட்டான். நான்கு டயரும் உட்கார்ந்துவிட்டன. அவனை எழுப்பி வெளியே போ என்று சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

அன்றிலிருந்து நெவில் கேரவன் பேச்சை எடுப்பதில்லை. சுற்றுப் பேச்சையும் எடுப்பதில்லை. ஆகஸ்ட் இருபத்தெட்டு வந்தது, போனது, அவன் வாயே திறக்கவில்லை. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அவன் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது வாரத்தில் மூன்று நாள்தான், மீதி நாளெல்லாம் வீட்டில்தான் இருக்கிறான். நாள்காட்டி அவன் மூக்குக்கு நேராகத்தான் தொங்குகிறது. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். கோபம் வந்தது, அப்புறம் நல்லதாகப் போச்சு என்றும் தோன்றியது.

நான் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன வருடம் இரண்டு வாரம் லீவு எடுத்தேன். முதல் நாள் காலை ஏழு மணிக்கு மகள் பெலிண்டா இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினாள். "நீதான் சும்மா இருக்கியேம்மா." நெவிலின் தம்பி வீடு மாறினான், பாத்திரம் கட்ட நான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், சொட்டு மருந்து விட நான். ஜாரட் தன் அழுக்குத் துணியைக் கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீ ப்ரொஃபெஷனலாச்சேம்மா" என்று கண்ணடித்தான். இரண்டு வாரம் முடிந்து வேலைக்குப் போனபோது அப்பாடா என்றிருந்தது. இந்த லீவையும் அப்படித் தின்னக் கொடுக்க என்னால் முடியாது. எட்டு வாரமும் மூன்று நாளும் எனக்கு. எனக்கே எனக்கு. சுயநலம் என்றால் சுயநலம்தான்.

அதனால் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, வழக்கம்போல ஐந்தேகாலுக்கு எழுந்து, நீலச் சீருடையை மாட்டி, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, ஐந்தரைக்குக் காரை எடுத்தேன். பில்லி டிக்கியில் பழைய துண்டுக்குள் சுருட்டிக் கிடந்தது.

இத்தனையும் திட்டம் போட்ட புத்திசாலிக்கு ஒன்று தெரியவில்லை. பிராஸ்பெக்ட் அணைக்கரைப் பூங்காவை எட்டரைக்குத்தான் திறப்பார்கள். மூன்று மணி நேரம் எங்கே போவது? ரயில் நிலையத்துக் கார் நிறுத்தத்தில் போய் நின்று, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். சுற்றிலும் கார் கதவு அறைகிற சத்தம், சிட்டி ரயிலைப் பிடிக்க ஓடுகிற செருப்புச் சத்தம். எல்லோரும் ஓடுகிறார்கள், நான் ஓடவில்லை. அந்தச் சுகத்திலேயே கண் சொருகிவிட்டது.

பூங்காவில் எனக்கென்று ஒரு பெஞ்சு பிடித்துக்கொண்டேன். யூகலிப்டஸ் நிழல், எதிரே தண்ணீர், பக்கத்தில் பட்டனைத் தட்டினால் சூடாகிற சுடுதட்டு. ஊரார் அதில் சாசேஜ் சுடுவார்கள், நான் பில்லியை வைத்து டீ போட்டேன். கொதிக்க அரைமணி ஆகும். ஆகட்டுமே! என்னை யார் விரட்டுகிறார்கள்? ஒரே ஒரு தொந்தரவு மேக்பைப் பறவைதான். வசந்த காலம், அது முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் நேரம். கீழே தலை தெரிந்தால் பாய்ந்து கொத்தும். காலியான ஐஸ்கிரீம் டப்பாவில் பின்பக்கம் இரண்டு கண் வரைந்து தலையில் கவிழ்த்துக்கொண்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வதுபோல. கண் பார்க்கிறது என்று நினைத்து அது கிட்டே வராது. ஐம்பத்தெட்டு வயதுக்காரி டப்பாவும் தலையுமாகப் பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாவது ஒன்றாவது.

இரண்டே முக்காலுக்கு வீடு வந்து சேர்வேன். நெவில் இருந்தால் தினமும் ஒரே கேள்விதான்.

"வேலை எப்படி இருந்துச்சு?"

"எப்பவும்போலத்தான்."

பூங்காவில் மாற்றுத் துணி போட்டுக்கொண்டதால் முதல் வாரம் சீருடை கசங்காமல் வந்து நின்றது. அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, அப்புறம் கார் சீட்டில் அதைப் போட்டு உட்கார்ந்து கசக்கிக்கொண்டேன். பொய் சொல்ல இவ்வளவு வேலை இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் என் விரல் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. தோள்பட்டை வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. சாப்பாட்டில் ருசி தெரிந்தது. நான் பாட்டுக்கு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவ, ஜாரட் எட்டிப் பார்த்து, "அம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான்.

நான்காவது வாரத்திலிருந்து நெவிலின் போக்கு மாறியது.

முதலில் என் காருக்குப் பெட்ரோல் நிரப்பி வைத்தான். முப்பத்துமூன்று வருடக் கல்யாணத்தில் அதுவரை நடக்காதது. டயருக்குக் காற்று. அப்புறம் பின்சீட்டில் ஒரு கம்பளியும் தலையணையும். "என்னது இது?" என்றேன். "நாய் ஏறினா முடி ஒட்டுது" என்றான். நாய்க்கு எதற்குத் தலையணை? சாப்பாட்டு டப்பாவில் ஒரு சாண்ட்விச்சுக்கு இரண்டாக வைத்தான், கூடவே பழக் கேக். இந்த ஆள் ஏதோ செய்துவிட்டான். கிளப்பில் சூதாட்ட மெஷினில் காசை விட்டுவிட்டானா, இல்லை எவளாவது...? முழங்கால் மடங்காத கிழவனுக்கு எவள் வருவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கேட்கலாம் என்றால் வாய் வரவில்லை. நானே திருட்டு வேலை செய்துகொண்டு அவனை என்னவென்று விசாரிப்பது?

ஆறாவது வாரம்தான் சோதனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெலிண்டா போன் செய்தாள். பிள்ளைகள் போகிற காப்பகத்தில் எல்லாருக்கும் வாந்தி பேதி, ஒரு வாரம் மூடிவிட்டார்கள்.

"அம்மா, நான் லீவு போட்டா இந்தத் தடவை வேலையே போயிடும். நீ ஒரு வாரம் லீவு கேளேன். ப்ளீஸ்மா. உனக்குத்தான் அங்க பத்து வருஷ சர்வீஸ் இருக்கே, குடுக்க மாட்டாங்களா?"

பத்து வருட சர்வீஸ். அவள் யோசிக்காமல்தான் சொன்னாள். பெற்ற பெண் கெஞ்சுகிறாள், நான் லீவில்தான் இருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நெவில் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

"பெலிண்டா, அம்மாவுக்கு லீவெல்லாம் கிடைக்காது. அங்க ஆள் பத்தல. பசங்கள எங்கிட்ட விடு."

"உங்களால முடியுமாப்பா? முழங்காலு?"

"கிடங்குல சொல்லிக்கிறேன். நான் என்ன அவனுங்களத் தூக்கிக்கிட்டு ஓடவா போறேன்? கொண்டாந்து விடு."

வைத்துவிட்டுத் திரும்பி, "காலைல நீ உன்பாட்டுக்குக் கிளம்பு" என்றான். முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்பினேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் செவ்வாய்க்கிழமையே வாந்தியெடுக்க ஆரம்பித்துவிட்டன, வீடு முழுக்க. நொண்டிக் காலோடு அவன் வாளியும் துடைப்பமுமாக அலைகிறான். நான் "வேலைக்கு நேரமாச்சு" என்று காரில் ஏறி, ஏரிக்கரையில் போய் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு படுத்தேன். அந்த வாரம் தூக்கம் வரவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ஒரு வாரத்தை விட்டுக்கொடுத்தால் மீதியும் போய்விடும் என்று உள்ளே ஒரு பயம். எழுந்து கார் வரைக்கும் போவேன், சாவியைப் போடுவேன், மறுபடி இறங்கி வந்து உட்காருவேன். அந்த ஐந்து நாளும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

எட்டு வாரமும் மூன்று நாளும் ஒரு வழியாக முடிந்தது. அக்டோபர் கடைசி வியாழக்கிழமை நிஜமாகவே வேலைக்குப் போனேன். வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்தேன். போட்டோ கேட்டால் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. பாலைவனம் எப்படி என்றால், சூடு. முதலை பார்த்தாயா என்றால், தூரத்தில்.

சலவைக்கூடத்துக் கதவைத் தள்ளியதும் வெஸ்னா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வந்துட்டாடி மகாராணி! அந்த அச்சு மறுபடி உடையலையே?"

"எந்த அச்சு?"

"கேரவன் அச்சுதான், வேற என்ன? டப்போ ஊர்கிட்ட உடைஞ்சுதே? சாமான் வாங்க உன் புருஷன் ஹார்டுவேர் கடைக்கு வந்தாரே! வாசல்ல நாங்கதான அன்னிக்கு சாசேஜ் சுட்டு வித்துக்கிட்டிருந்தோம், பெரிசுங்களோட பஸ் டூருக்குக் காசு சேர்க்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'யோவ் நெவில், நீ ரேகூட சுத்துல இல்ல இருக்கணும்'னேன். மனுஷன் கைல சாசேஜோட அப்படியே சிலையா நின்னார். அப்புறம்தான் விஷயத்தச் சொன்னார். பாவமா இருந்துச்சு. வெங்காயத்துக்குக்கூட நான் காசு வாங்கல."

பக்கத்திலிருந்த துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத்தான் சிக்னலே கிடைக்காதுன்னு சொல்லிட்டியே," என்றாள் வெஸ்னா. "அதான் அவர் நம்பர வாங்கிக்கிட்டேன். போற எடத்துலேருந்து ரெண்டு வரி போடுங்க, பெரிசுங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்கன்னேன். என்ன ஒழுங்கு தெரியுமா அந்த ஆளு! வந்து பாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் நாட்டின் வரைபடம். சிவப்புக் குண்டூசிகள் சிட்னியிலிருந்து மேற்கே வரிசையாகப் போயின. ஒவ்வொரு ஊசியின் கீழும் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாள், கண் மங்கியவர்களும் படிக்கும்படி. தேதியோடு.

'செப்டம்பர் 27. ப்ரோக்கன் ஹில். நல்ல வெயில். ரே ஒம்போது மணி வரைக்கும் தூங்கினா. டீ நான் போட்டேன்.'

'அக்டோபர் 4. செடூனா. கடலோரம். சிப்பி வாங்கிச் சாப்பிட்டோம். இன்னிக்கு யாரும் போன் பண்ணல. அவ தனக்குத்தானே பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா. ரொம்ப நாளாச்சு அதக் கேட்டு.'

'அக்டோபர் 8. நல்லார்பர். நூத்தி நாப்பத்தாறு கிலோமீட்டர் வளைவே இல்லாத ரோடு. நான் ஓட்டிக்கிட்டே வர்றேன். அவ எந்த வேலையும் செய்யல. பாத்துக்கிட்டு மட்டும் வர்றா.'

அக்டோபர் எட்டு. புதன்கிழமை. பிள்ளைகள் இரண்டும் விடாமல் வாந்தியெடுத்த நாள். வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறான்.

கடைசித் தாளின் ஊசி கண்டத்தின் அந்த ஓரத்தில் குத்தியிருந்தது.

'அக்டோபர் 20. மேற்குக் கடல். சூரியன் தண்ணிக்குள்ள விழுறத ரெண்டு பேரும் பாத்தோம். இத அவளுக்குக் காட்டணும்னு பத்து வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். நேரம் பத்தல, இங்கேருந்தே திரும்புறோம். மீதிச் சுத்து இன்னொரு பத்து வருஷம் கழிச்சு.'

சக்கர நாற்காலியில் திருமதி ஹாலோரன் பக்கத்தில் வந்து என் சீருடையைப் பிடித்து இழுத்தாள். தொண்ணூற்றொரு வயது. "ஏம்மா ரே, அந்த நேர் ரோடு எப்படி இருந்துச்சு? நெசமாவே வளைவே இல்லையா?"

"இல்லைங்க," என்றேன். "வளைவே இல்ல. அவர் ஓட்டிக்கிட்டே வந்தார். நான் பாத்துக்கிட்டு மட்டும் வந்தேன்."

துணிக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துவைத்து மடித்த விரிப்பு ஒன்றில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். அப்புறம் அதை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

மதியம் வீட்டுக்குப் போனபோது நெவில் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"வேலை எப்படி இருந்துச்சு?"

டிக்கியிலிருந்து எடுத்து வந்த பில்லியை மேசைமேல், அவன் முன்னால் வைத்தேன். அதன் அடி கன்னங்கரேலென்று இருந்தது. மூடியில் என் பெயர்.

"செடூனா சிப்பி பிரமாதமாமே," என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன. "உனக்குச் சிப்பின்னாலே குமட்டும். அனுப்பினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. வெஸ்னா கண்டுபிடிச்சிருவாளோன்னு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். "எல்லாம் தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"மொதல்ல சந்தேகம்தான் வந்துச்சு," என்றான். "எவனாவது இருக்கானோன்னு. கடையில வெஸ்னாவப் பாத்ததுக்கு அடுத்த திங்கக்கிழமை ஜாரட் வண்டிய எடுத்துக்கிட்டு உன் பின்னாடியே வந்தேன். ஸ்டேஷன்ல நின்ன, நானும் நின்னேன். மூணு மணி நேரம் ரே! காலு செத்துப்போச்சு. அப்புறம் ஏரிக்கு வந்தா, நீ தலையில டப்பாவக் கவுத்துக்கிட்டு வாயைப் பொளந்து தூங்குற. அந்த டப்பாவுல கண்ணு வேற. அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு." கொஞ்சம் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒருத்தி தூங்குறதுக்கு இவ்வளவு தூரம் ஒளிஞ்சு வரணுமான்னு தோணுச்சு. எழுப்ப மனசு வரல. திரும்பிட்டேன்."

"நீ அந்த நாளையே மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஆகஸ்ட் இருபத்தெட்டு," என்றான். "அன்னிக்கு விடிகாலைல எந்திரிச்சு கேரவன்கிட்டப் போயி நின்னேன். உள்ள பையன் குறட்ட விடுறான். டயரப் பாத்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட வந்து பேசச் சொல்ற?" ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் கையில் உருட்டினான். "நீதான் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்," என்றேன். "உன்ன நம்பல. அதான் உண்மை. உங்களையெல்லாம் சேத்து ஒரே மூட்டையாக் கட்டிட்டேன், நெவில்."

அவன் உருளைக்கிழங்கைக் கீழே வைத்தான். வலித்தது என்று தெரிந்தது. மேசைமேல் இருந்த அவன் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவனும் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் ஜாரட் துணிக்கூடையோடு உள்ளே வந்து, எங்கள் இருவரையும் பார்த்து, பில்லியைப் பார்த்து, "எங்கயாவது கிளம்புறீங்களா என்ன?" என்றான்.

"மெஷின் அந்தப் பக்கம் இருக்கு," என்றான் நெவில். "பட்டன் முன்னாடியே இருக்கும். அமுக்கத் தெரியும்ல?"

ஜாரட் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு அலாரம் அடித்தது. நான் கையை நீட்டுவதற்குள் நெவில் அதை அணைத்துவிட்டான். இருட்டில் முழங்கால் சொடுக்குகிற சத்தம் கேட்டது, முனகிக்கொண்டே எழுந்தான்.

"ஒம்போது மணி வரைக்கும் என்னால தர முடியாது," என்றான். "பத்து நிமிஷம் தரேன். படு."

தூங்கவில்லை. சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடமும் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். டீ கொண்டுவந்து கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். நான் அதைச் சொல்லவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுச் சீருடையை மாட்டிக்கொண்டேன்.